போனை வைத்த பிறகு ஏழு நொடி

எங்கள் அறையில் வாக்கியம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும்.

மனிதர்கள் போனில் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதுவது எங்கள் தொழில். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் நான்கு மேசைகள், நான்கு ஹெட்போன்கள், மேசைக்கு அடியில் ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல், சரியாக மூடாத ஒரு ஜன்னல். எதிர் மேசைக்காரருக்கு வேறு மொழி. நானும் கமாவும் கண்ணாடியக்காவும் ஒரே மொழி. கமா என்பது அவருடைய பெயரல்ல. மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு கமா போடுவார். கண்ணாடியக்கா தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருப்பாள். தேடும்போது மூன்றாவதாக ஒன்று தலையில் இருக்கும்.

எங்கள் மொழியில் வினை வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. ஆனால் ஜனங்கள் முடித்துவிட்டு நிற்பதில்லை. "வந்துட்டான், உன் தம்பி" என்கிறார்கள். "எங்க வச்ச, சாவிய?" என்கிறார்கள். பின்னால் ஒட்டிக்கொள்ளும் இந்தத் துண்டை நாங்கள் வால் என்போம். எதிர் மேசைக்காரர் மொழியிலும் வால் உண்டு. "நாங்க முதல்ல 'அது'ன்னு மட்டும் சொல்லிடுவோம். எதுன்னு கடைசியிலதான் சொல்லுவோம்" என்றார் ஒருமுறை. "அது உயிர வாங்குது, இந்தப் பெடல்."

"அப்ப கடைசி வரைக்கும் சஸ்பென்ஸா?" என்றார் கமா.

"கடைசி வரைக்கும் யாரு கேக்கறாங்க?"

பேராசிரியையின் ஆராய்ச்சியே இந்த வாலைப் பற்றித்தான். மறந்துபோனதைப் பிறகு சேர்த்துக்கொள்வது என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் பலகையில் 'எங்க வச்ச, சாவிய?' என்று எழுதி, 'ய'வைச் சுற்றி வட்டம் போட்டார். "சும்மா சாவின்னு சொல்லல, பாருங்க. சாவிய. இந்த 'ய' எங்கேருந்து வந்துச்சு? வால்ங்கிறது இன்னொரு முழு வாக்கியம். 'சாவிய எங்க வச்ச'ன்னு மனசுக்குள்ள மறுபடியும் முதல்லேருந்து சொல்றோம். சொன்னதையே ரெண்டாவது தடவை சொல்லக்கூடாதுன்னு மிச்சத்தை விழுங்கிடறோம். வெளிய தெரியறது வால் மட்டும்தான்."

விழுங்கப்பட்டதை நாங்கள் பள்ளம் என்போம். வாலுக்குப் பின்னால் மட்டுமல்ல, எங்கெல்லாம் ஒரு வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறதோ அங்கெல்லாம் பள்ளம். அதை நிரப்பி அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பேசியவர் எதைச் சொல்லாமல் விட்டாரோ அதை எழுதுவதற்கு எங்களுக்குச் சம்பளம். மௌனத்தையும் அளந்து எழுத வேண்டும், நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை. எனக்கு அந்த வேலைதான் பிடிக்கும். யாரும் பேசாத இடத்தில் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும், யாரோ பாத்திரத்தை நகர்த்துவார்கள். அந்த வீட்டில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் மொழியில் பதிவுகள் போதவில்லை என்று, எங்கள் வீட்டுப் பேச்சையே கொடுக்கச் சொன்னார்கள். ஆளுக்குப் பத்து அழைப்பு. விதி கடுமையானது: என் அழைப்பை நான் எழுதக்கூடாது. கமா ஒரு தடவை, கண்ணாடியக்கா ஒரு தடவை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுவார்கள். இருவரும் ஒரே மாதிரி நிரப்பினால் விஷயம் முடிந்தது. வேறுவேறாக நிரப்பினால் மட்டும் பதிவின் அந்தத் துண்டு, எங்கள் பேச்சில் வரிசை, என்னிடம் வரும். பேசியவளுக்குத் தெரியும் என்பது கணக்கு.

நான் அண்ணனோடு பேசிய பத்து அழைப்புகளைக் கொடுத்தேன். பதிவு செய்யும் செயலியை அவன் போனில் போடச் சொன்னபோது சிரித்தான்.

"என் பேச்ச வச்சு என்ன பண்ணப் போற? சட்டம் போட்டு மாட்டப் போறியா?"

"ஆராய்ச்சிண்ணா."

"நான் பேசறதுலயா? லிஃப்ட் நிக்குது, லிஃப்ட் போகுது. இதுல என்னடி ஆராய்ச்சி?"

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையிலிருந்துதான் பேசுவான். லிஃப்ட் ஓடும்போது அவன் குரல் தணிந்து, நின்றதும் மறுபடி மேலே வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அப்பாவும் அவனும்தான். அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். நினைவு தேய ஆரம்பித்ததும் விடியற்காலையில் சட்டை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். அண்ணன் அவரைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போய், வரவேற்பறை நாற்காலியில் வாட்ச்மேன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மேலே ஏறுவான். இறங்கி வரும்போது சில நாள் நாற்காலி காலியாக இருக்கும்.

நான் வேறு ஊரில், நான்காம் மாடியில், ஒரே அறையில் இருந்தேன். இப்போதும் அங்கேதான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவை ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று எழுதுகிறேன், சேர்த்தவன் அண்ணன். அதற்குப் பிறகு அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சண்டை ஒன்றுமில்லை. போன் செய்தால் எடுப்பான். "நல்லா இருக்கேன்." "வேலை இருக்கு." "சரி." எல்லாம் முழு வாக்கியம், பின்னால் ஒட்டு எதுவும் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்து, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, கம்பெனி கொடுத்த அறையில் மூன்று பேரோடு படுக்கிறான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

*

அன்று காலை கமா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக, "வாங்க, வாங்க, மௌன விரதம் முடிஞ்சுதா?" என்பார். அன்று ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். ஒலி ஓடவில்லை, அவர் கால் பெடலில் இல்லை.

என் திரையில் ஒரு வரிசை காத்திருந்தது. கோப்பு ஏழு, கடைசி வரிசை.

"ஏம்மா, ஒண்ணு வந்திருக்கா உனக்கு?" என்றாள் கண்ணாடியக்கா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாங்க ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி போட்டிருக்கோம் போல. நீ கேட்டுட்டுச் சொல்லு. அவசரமில்ல." பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள்.

ஹெட்போனை மாட்டினேன். முதலில் மோட்டாரின் முனகல். பிறகு அண்ணன். ஏழு மாதத்துக்கு முந்தைய அண்ணன். குரல் தளர்வாக, தாராளமாக இருந்தது. அப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாட்ச்மேனை அதட்டிய கதையைச் சொன்னான். "சிரிப்பு வந்துருச்சு, எனக்கே. டிக்கெட் எடுத்தியாங்கறாரு, அவன்கிட்ட." நான் சிரிப்பது கேட்டது. அது கொஞ்சம் சீக்கிரமாக முடிந்துவிடும் சிரிப்பு.

அந்த அழைப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து எடுத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அதை இரண்டாக வெட்டி, இரண்டு படிவம் நிரப்பி, இரண்டு எண் வாங்க வேண்டும். முந்தைய மாதம் கமாவின் அம்மா பதினெட்டு நிமிடம் பேசிவிட்டு, அவர் இரண்டு நாள் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து நாங்கள் சிரித்திருந்தோம். அதனால் எட்டு நிமிடம் ஆனதுமே என் பேச்சு கதவுப் பக்கம் நகர ஆரம்பித்துவிடும். வேறு எந்தத் தொழிலில் இருப்பவளும் இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

ஒன்பது நிமிடம் முப்பது நொடி. அண்ணன் சொன்னான்: "நாளைக்குக் காலையில ஃபாரம் குடுக்கணும், பாப்பா. அப்பாவ அங்க சேர்த்துடறேன்."

பிறகு மௌனம். யார் எழுதியதோ, பக்கத்தில் (4.1) என்று குறிக்கப்பட்டிருந்தது. சரியான அளவுதான். நான்கு புள்ளி ஒன்று. அது என் மௌனம். அந்த நேரத்தில் என்ன யோசித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ் ஒன்று திரும்பியது. அது என்னுடையதா என்று பார்த்தேன்.

"உன் இஷ்டம்ணா. நீதானே பார்த்துக்கற. சரி, வச்சிடவா?"

"ம்."

ஒன்பது ஐம்பத்திரண்டு. 'டிக்' என்று நான் போனை வைத்தது கேட்டது. நான் அறிந்த அழைப்பு அதோடு முடிகிறது.

ஆனால் பதிவானது அவன் போனில். அவன் போன் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ வேணாம்னு சொன்னா..." என்றான் அண்ணன்.

(2.3)

"...இன்னைக்கு."

(1.0)

"ஹலோ?"

(0.9)

"வச்சிட்டாளா."

கடைசியில் கேள்விகூட இல்லை. தனக்குள் சொல்லிக்கொண்டது. பிறகு லிஃப்ட் கிளம்பும் சத்தம், அதோடு பதிவு நின்றது. நான் வைத்த பிறகு மொத்தம் ஏழு நொடிக்குச் சற்று மேல்.

பெடலை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். சொற்களில் எந்தச் சந்தேகமும் இல்லை. லிஃப்ட் நின்றிருந்த நேரம், கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. பள்ளம்தான் இருந்தது. அதை இருவரும் நிரப்பியிருந்தார்கள்.

கமா எழுதியிருந்தார்: நீ வேணாம்னு சொன்னா [நான் சேர்க்கமாட்டேன்]. [நீ வேணாம்னு சொன்னா நான் சேர்க்கமாட்டேன்], இன்னைக்கு.

கண்ணாடியக்கா எழுதியிருந்தாள்: நீ வேணாம்னு சொன்னா [வேற யாரு பார்த்துப்பாங்க]. [நீ வேணாம்னு சொன்னா வேற யாரு பார்த்துப்பாங்க], இன்னைக்கு.

கமா எழுதிய அண்ணன் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். கண்ணாடியக்கா எழுதிய அண்ணன் என் தலையில் குட்டினான். மூன்றாவதாக ஒன்று எனக்கு மட்டும் தோன்றியது: நீ வேணாம்னு சொன்னா, நீ வந்து பார்த்துக்கோ. அதை யாரும் எழுதவில்லை. இருவரும் என்மேல் இரக்கப்பட்டு எழுதாமல் விட்டிருக்கலாம்.

மத்தியானம் பேராசிரியை வந்தார். என் திரையைக் குனிந்து பார்த்தார். அவர் வரிசையை மட்டும்தான் பார்த்தார். பேசுவது என் அண்ணன் என்பது அவர் மனதில் ஓடவில்லை. உண்மையிலேயே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அருமையான வரிசை! பாருங்க, 'இன்னைக்கு'. இப்படி வால் கிடைக்கறது அபூர்வம். பள்ளத்துக்கு வால். விழுங்கினத திரும்பவும் முழுங்கியிருக்கார்." என் தோளைத் தொட்டார். "எது சரி? நீங்கதானே பேசினீங்க, உங்களுக்குத்தானே தெரியும்."

"அப்ப நான் லைன்ல இல்ல, மேடம்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும், உங்க அண்ணனத் தெரியும் இல்லையா?"

பெடலில் காலை வைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை, நல்ல மனுஷி. "முடியலைன்னா 'தீர்மானிக்க இயலாது'ன்னு போட்டுடுங்க. அப்படிப் போட்டா இந்த வரிசை கணக்கில சேராது. அதான் வருத்தம்" என்றுவிட்டுப் போனார்.

அவர் போனதும் கமா ஹெட்போனைக் கழற்றினார்.

"நான் வேணா என்னோடத அழிச்சுடறேன்" என்றார் மெதுவாக. "அக்கா போட்டதே இருக்கட்டும். அப்ப ரெண்டும் ஒண்ணாயிடும். உங்ககிட்ட வரவே வராது."

"வேணாம்."

"அக்காவோடத வேணும்னாலும் அழிக்கச் சொல்றேன். கேப்பாங்க."

"வேணாம், கமா."

"நான் வேணும்னே எழுதலைங்க. கேட்டப்ப அப்படித்தான் தோணிச்சு." கொஞ்சம் பொறுத்து, "குரல் அப்படி இருந்துச்சு" என்றார்.

கண்ணாடியக்கா திரும்பிப் பார்க்காமல், "எனக்கும் அதே குரல்தான் கேட்டுச்சு" என்றாள். "எங்கண்ணன் அப்படிப் பேசினா அதுக்கு அர்த்தம் வேற."

*

அப்பாவை நான் மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம். ஜன்னலோரக் கட்டில். ஒவ்வொரு முறையும் என்னை யாரோ பயணி என்று நினைத்து, "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்பார். நான் கிளம்பிக் கதவு வரை வந்த பிறகு, என் முதுகைப் பார்த்து ஒன்று சொல்வார். மூன்று முறையும் அதையேதான் சொன்னார்.

"கூட்டிட்டுப் போவான், அவன்."

அண்ணன் மாதம் ஒருமுறை வருவதாக அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். உள்ளே வருவதில்லையாம். வராந்தாவில் நின்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவானாம். "உள்ள வாங்க சார்னு கூப்பிட்டேன். லிஃப்ட் பார்க்க வந்தேன்னாரு. இங்க லிஃப்டே கிடையாது."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்போது.

*

படிக்கட்டுக்குப் போய், இரண்டு மாடிக்கு நடுவில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் மோட்டார்.

"சொல்லு."

"வேலையா இருக்கியாண்ணா?"

"கேபிள் மாத்தறோம். சொல்லு."

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்பா, காப்பகம், என் அறையின் கசியும் குழாய் என்று சுற்றினேன். அவன் "சரி", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்கு போன்ல, அப்பாவ சேர்க்கறதுக்கு முந்தின நாள். நான் வச்சதுக்கப்புறம் நீ ஏதோ சொல்லியிருக்க."

"எப்ப?"

"உன் போன்ல பதிவாகியிருக்கு. இன்னைக்குதான் கேட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன். ஆறு வரை வந்தது.

"என்ன சொன்னேன்?"

சொன்னேன். அவன் குரலில் சொல்லாமல், எழுதியதை வாசிப்பதுபோல் சொன்னேன். இன்னைக்கு என்பதையும் விடவில்லை. அதற்கு மேல் அவன் எதையும் முடிக்கவில்லை என்றும், இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு விதமாக முடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"என் வாய்க்குள்ள வார்த்தைய வைக்கறதுக்கு ஆள் போட்டிருக்காங்களா, அங்க?"

கொஞ்சம் பழைய அண்ணன் எட்டிப் பார்த்தான். வாலோடு பேசினான். நான் அவசரப்பட்டேன்.

"ஒருத்தர் எழுதியிருக்காரு, நான் வேணாம்னு சொன்னா நீ சேர்த்திருக்கமாட்டேன்னு. இன்னொருத்தங்க..."

"பாப்பா."

"...எது சரின்னு நான் சொல்லணுமாம். எனக்குத் தெரியலண்ணா. நீ சொல்லு. என்ன சொல்ல வந்த?"

லிஃப்ட் கிளம்பியது. மேலே எங்கிருந்தோ கீழே எங்கேயோ போகும் நீண்ட இறக்கம். அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"ஞாபகமில்ல" என்றான்.

"அண்ணா."

"நிஜமா ஞாபகமில்ல. ஏழு மாசம் ஆச்சு. ரெண்டுல உனக்கு எது வசதியோ அத எழுதிக்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு ஏற ஏதாவது கிடைத்திருக்கும். யாரோ வழி கேட்டபோது சொல்வதுபோல் சொன்னான்.

"நான் அன்னைக்கு வச்சிருக்கக்கூடாது" என்றேன். "பத்து நிமிஷம் ஆகப்போவுதேன்னு..."

"என்ன பத்து நிமிஷம்?"

அதை விளக்கினேன். படிவம், இரண்டு எண், கமாவின் அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. அவன் குறுக்கிடவில்லை. முடித்ததும், "ஓ, அதானா" என்றான். "நான் என்னவோன்னு நினைச்சேன்."

என்ன நினைத்தான் என்று கேட்க வாய் வரவில்லை. ஏழு மாதம் அவன் அந்தப் பள்ளத்தில் எதைப் போட்டு நிரப்பி வைத்திருந்தானோ.

"அப்பாவ நான் கூட்டிட்டு வந்துடவா, இங்க?" என்றேன்.

"நாலு மாடி. லிஃப்ட் இருக்கா?"

"இல்ல."

"பகல்ல யாரு இருப்பா?"

வாளியின் மணலில் விரலை விட்டேன்.

"விடு" என்றான். "அப்பா அங்க நல்லா இருக்காரு."

முழு வாக்கியம். வினை வந்துவிட்டது. நான் போனை வைக்கவில்லை. காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன்: ஒன்பது நாற்பது. ஒன்பது நாற்பத்தொன்று. திரும்பக் காதில் வைத்துக்கொண்டேன். கீழே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். அவன் மூச்சு கேட்டது. அவனும் வைக்கவில்லை. இந்த முறை நான் இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் எப்படித் தெரிவிப்பது என்று தெரியாமல், சும்மா இருந்தேன்.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்."

"வைக்கலயா?"

"வைக்கல. நீ சொல்லு."

மறுபடி மோட்டார். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு "ரெண்டு நிமிஷம்" என்று அந்தப் பக்கம் சொன்னது கேட்டது.

"சனிக்கிழமை போறியா, அப்பாவப் பார்க்க?"

"போறேன்."

"போனா அவர்கிட்ட சொல்லு..."

காத்திருந்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். காத்திருந்து கேட்பது, எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. என் பங்குக்கு ஒரு சத்தமும் செய்யவில்லை, ம் என்றுகூடச் சொல்லவில்லை. ஏதாவது சொன்னால் அது கலைந்துவிடும் என்று பயந்தேன். ஒருவேளை நான் 'என்ன சொல்லணும்?' என்று கேட்டிருக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றான் அண்ணன்.

அவன்தான் வைத்தான். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். என் பக்கம் எதுவும் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தாலும் அதில் படிக்கட்டின் சத்தம் மட்டும்தான் இருந்திருக்கும். திரையில் பத்து நாற்பத்தாறு என்று நின்றிருந்தது.